லேசாய்ப் பட்டால்

காத்தவராயன் அரிசிப் பையை மடியில் உட்கார வைத்து, அதன் கழுத்தைத் தன் இடது மார்போடு அணைத்துப் பிடித்திருந்த நேரம் பார்த்து சுனிதா உள்ளே வந்துவிட்டாள். மாவு அரைக்கப் போனவள் இவ்வளவு சீக்கிரம் திரும்புவாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. மிஷினில் கரண்ட் இல்லையாம். அரிசியும் உளுந்தும் ஊறிய வாளியோடு அப்படியே நின்று அவனைப் பார்த்தாள். அவனால் சட்டென்று பையை இறக்கவும் முடியவில்லை. அணைத்துப் பிடித்திருக்கும்வரை பரவாயில்லை, விலக்கும்போதுதான் துணி உரசும். அந்த உரசலை நினைத்தே அவன் அரைநிமிடமாக அசையாமல் இருந்தான்.

"இன்னாங்க பண்றீங்க?"

"சும்மா. கனம் எவ்ளோ கீதுன்னு பாத்தேன்."

"கடைக்காரன் எட போட்டுத்தான குடுத்தான்?"

சொல்லி முடிக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. வாளியைக் கீழே வைத்தாள். சிரிப்பு வரவேண்டிய இடம்தான், ஆனால் அவளுக்கு வரவில்லை.

"புள்ள அரிசி மூட்டையாட்டம் குந்திகினு இருக்குமா? எட்டி ஒதைக்கும், சட்டையப் புடிச்சு இழுக்கும், ஊசியக் காட்டினா துள்ளும். அப்போ இன்னா பண்ணுவீங்க?"

அதுதான் அவனுக்கும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பவ்யாவுக்கு மொட்டை, காதுகுத்து. பவ்யா அவன் தங்கை புஷ்பவல்லியின் குழந்தை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஏறாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை என்று அலைந்து பெற்ற பிள்ளை. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் முடியிறக்க வேண்டும், தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். புஷ்பவல்லிக்குக் கூடப்பிறந்தவன் இவன் ஒருவன்தான். வேறு மடி கிடையாது.

நான்கு மாதத்துக்கு முன்னால் அவன் இடது விலாவில் அக்கி வந்தது. முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் தொடங்கி, அக்குளுக்குக் கீழே வளைந்து, மார்புக்காம்புக்கு அடியில் வந்து நின்ற ஒரு பட்டை. கொத்துக்கொத்தாகக் கொப்புளம். எல்லோரும் செய்கிறதையே அவர்களும் செய்தார்கள். பங்காருபேட்டையில் ஒரு குயவர் வீட்டு அம்மாளிடம் போய் அக்கி எழுதிக்கொண்டான். அவள் காவியைக் குழைத்து, கொப்புளங்களின் மேலேயே வாயைப் பிளந்த சிங்கம் ஒன்றை வரைந்தாள். ஈரக்காவி குளுகுளுவென்று இருந்தது, அதைச் சொல்லாமல் இருக்கக்கூடாது. ஆனால் போகிறபோக்கில் அவள் ஒன்று சொல்லி அனுப்பினாள்: இது சுற்றிக்கொண்டு போய் இரண்டு முனையும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் ஆள் தங்காது. அன்றிலிருந்து காத்தவராயன் தினமும் கண்ணாடி முன்னால் நின்று நெஞ்சுக்குழியைப் பார்ப்பான். முனை நகர்ந்திருக்கிறதா? நேற்று இந்த மச்சத்துக்கு அந்தப் பக்கம் இருந்ததா, இந்தப் பக்கமா? கொப்புளம் உதிர்ந்து, தோல் ஆறி, வெளிறிய தழும்பு மட்டும் மிஞ்சிய பிறகும் அவன் பார்ப்பதை நிறுத்தவில்லை. ஏனென்றால் வலி நிற்கவில்லை.

அது என்ன மாதிரி வலி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சில நேரம் எரியும். சில நேரம், ஒன்றுமே இல்லாமல் இருக்கும்போது, ஊசியைக் காய்ச்சிச் சொருகியதுபோல ஒன்று முதுகிலிருந்து முன்னால் பாயும். எல்லாவற்றையும்விட மோசம், லேசாக ஏதாவது படுவதுதான். சட்டைத்துணி படக்கூடாது. மின்விசிறிக் காற்று படக்கூடாது. கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறி ஒயிட்ஃபீல்டு வரை தினமும் போய்வருகிறவன் அவன், அங்கே ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் எலக்ட்ரீசியன். மூன்று பேர் சீட்டில் ஐந்து பேர் உட்காரும் வண்டியில் யார் மேலும் படாமல் போவது நடக்கிற காரியமா? இடது கையை விரித்துக் கம்பியைப் பிடித்து, கோழி சிறகைத் தூக்குவதுபோல நின்றுகொண்டு போவான். ராஜப்பா என்று ஒருவர், கூடவே வருகிறவர், "இன்னா காத்தி, அக்குள்ல முட்ட வச்சிருக்கியா?" என்று கேட்டார். பெட்டியே சிரித்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

சிரிப்பையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். பொங்கலுக்கு நடந்ததைத்தான் அவனால் தாங்கமுடியவில்லை. புஷ்பவல்லி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பி.இ.எம்.எல். நகரிலிருந்து வந்தாள், கூடவே அவள் மாமியார் பார்வதம்மாவும். பவ்யா மாமனைப் பார்த்ததும் என்ன நினைத்துக்கொண்டாளோ, அம்மா இடுப்பிலிருந்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பாய்ந்தாள். காத்தவராயன் இரண்டடி பின்னால் போய்விட்டான். யோசித்துச் செய்யவில்லை, உடம்பு தானாகப் போய்விட்டது. நீட்டிய கை அப்படியே நிற்க, குழந்தை உதட்டைப் பிதுக்கியது. "பொட்டப்புள்ளைன்னா மாமனுக்கு மனசு வரல போல" என்றாள் பார்வதம்மா. விளையாட்டாகத்தான் சொன்னாள், ஆனால் புஷ்பவல்லி சிரிக்கவில்லை. அதற்குப்பிறகு அவள் போன் செய்வது குறைந்துபோனது.

உண்மையைச் சொல்லிவிடலாமே என்று சுனிதா அன்றைக்கே கேட்டாள். எப்படிச் சொல்வது? பார்வதம்மாவுக்கு அக்கியும் அம்மையும் ஒன்றுதான். அம்மன் இறங்கிய உடம்பு சுபகாரியத்துக்கு ஆகாது, அதுவும் பிள்ளையைத் தொடவே கூடாது. தீட்டு கழிய இன்னும் எத்தனை மாதம் என்று அவள் ஒரு கணக்குச் சொல்வாள், அதற்கு அப்பீல் கிடையாது. பதினோரு வருஷம் காத்திருந்த காரியத்தில் மாமன் இடம் காலியாகும்.

டாக்டர் டென்சிலிடம் அவன் போனதே சுனிதாவின் பிடிவாதத்தால்தான். ராபர்ட்சன்பேட்டையில் பழைய ஓட்டுக்கட்டடத்தில் கிளினிக். டென்சில் அவனைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். பஞ்சை நூலாகத் திரித்து, தழும்பின்மேல் லேசாக இழுத்தார். காத்தவராயன் பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டான். பிறகு அதே இடத்தில் கட்டைவிரலை வைத்து நன்றாக அழுத்தினார். ஒன்றுமில்லை. கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

"பாத்தியா மேன்? பஞ்சு வலிக்குது, வெரலு வலிக்கல. தோலுல ஒன்னும் இல்ல. நரம்பு கெட்டுப் போய் கீது."

சின்ன வயதில் அம்மை போட்டிருந்ததா என்று கேட்டார். போட்டிருந்தது. அந்தக் கிருமி போகவே இல்லை, முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் நரம்பின் வேரில் இத்தனை வருஷம் பதுங்கியிருந்தது, உடம்பு தளர்ந்த நேரம் பார்த்து அந்த ஒரு நரம்பு வழியாகவே வெளியே வந்தது என்றார். அந்த நரம்பு நெஞ்சுக்குழியோடு நின்றுவிடும், அந்தப் பக்கத்துக்கு வேறு நரம்பு, அதனால் இரண்டு முனையும் தொடும் என்று பயந்து கண்ணாடி பார்க்க வேண்டாம் என்றும் சொன்னார். கண்ணாடி பார்ப்பது இவருக்கு எப்படித் தெரியும் என்று காத்தவராயன் திடுக்கிட்டான். வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கிறார்கள் போலிருக்கிறது.

"கொப்புளம் கெளம்பின ரெண்டு மூணு நாள்ல வந்திருந்தா வேற மாத்திர குடுத்திருப்பேன். இவ்ளோ தூரம் வந்திருக்காது."

"பாம்பு அடிபட்டு செத்துப்போச்சு, வெஷம் மட்டும் எப்டி சார் ஏறிகினே கீது? புண்ணுதான் ஆறிடுச்சே."

"நீ எலக்ட்ரீசியன். ஒயரு மேல இருக்கிற ரப்பர் போயிட்டா இன்னா ஆவும்?"

"ஒயர்னா மாத்திடுவேன் சார்."

அவர் சிரித்துவிட்டார். "சரி, வேற சொல்றேன். நம்ம ஊரு தங்க மைன்ஸ் மூடி இருவது வருஷத்துக்கு மேல ஆச்சு. உள்ள ஆளு கெடையாது, வெடி கெடையாது. ஆனா இன்னமும் சில நாளு திடீர்னு வீடு குலுங்கி பாத்திரம் உருளுதா இல்லியா?"

"உருளுது. ஏர் பிளாஸ்ட்டு."

"யாரு வெடி வச்சா?"

"யாரும் வைக்கல."

"அதான். தோண்டினதுனால உள்ள பாறை நெலகொலஞ்சு போச்சு. இப்போ யாரும் தொடாமலே அதுவா வெடிக்குது. மேல இருக்கிறவனுக்கு வீடு குலுங்கறது பொய்யா? உன் வலியும் பொய் இல்ல. காயம் இல்லாமலே நரம்பு மூளைக்கு 'காயம், காயம்'னு சேதி அனுப்பிகினே கீது."

வலி பொய் இல்லை என்று ஒருவர் வாயால் கேட்டதும் காத்தவராயனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சட்டையைப் போடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டான். டென்சில் மாத்திரை எழுதினார். கொஞ்சமாக ஆரம்பித்து மெதுவாக ஏற்றவேண்டும், தூக்கம் வரும், தலை கிறுகிறுக்கும், ஏணியில் ஏறும் வேலையைக் கொஞ்ச நாள் வேறு யாரிடமாவது கொடு, பலன் தெரிய வாரங்கள் ஆகும். மெல்லிய துணியை இறுக்கிச் சுற்றிக் கட்டிக்கொண்டால் சட்டை உரசுவது குறையும். கடைசியாக விரலை நீட்டிச் சொன்னார், நீயாக எதையும் நிறுத்தாதே.

மாத்திரை வேலை செய்தது. வலி அடியோடு போகவில்லை, ஆனால் கொதிக்கிற எண்ணெய் சுடுதண்ணீராக இறங்கியது. அரிசிப் பையைத் தூக்கி மடியில் வைத்துப் பார்க்கலாம் என்ற தைரியமே அதனால் வந்ததுதான்.

எல்லாம் மெடிக்கல் ஷாப்பில் கெட்டது. புதன்கிழமை வேலை விட்டு வரும் வழியில் மாத்திரை வாங்கப் போனான். கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, கடைசியில் நிற்பவருக்கும் கேட்கிற குரலில், "ஃபிட்ஸ் யாருக்குங்க, உங்களுக்கா?" என்றார். காத்தவராயன் இல்லை என்று தலையாட்டினான். "இது ஃபிட்ஸுக்குக் குடுக்கறதுங்க" என்று அவர் இன்னொரு தடவை உறுதிப்படுத்தினார். நரம்பு தாறுமாறாகத் துடிப்பதை அடக்குகிற மருந்து, அதற்கும் கொடுப்பார்கள், இதற்கும் கொடுப்பார்கள் என்று டென்சில் சொல்லியிருந்தால் காத்தவராயன் பதில் சொல்லியிருப்பான். டென்சில் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. திரும்பினால் பின்னால் ராஜப்பா நிற்கிறார், இருமல் மருந்துக்கு. ராஜப்பா குடியிருப்பது பார்வதம்மா தெருவில்.

மறுநாள் சாயங்காலமே புஷ்பவல்லியிடமிருந்து போன் வந்தது.

"அண்ணா, உனக்கு ஃபிட்ஸா?"

"எவன் சொன்னான்?"

"ராஜப்பா சொன்னாராம். அத்த வீட்டயே ரெண்டு பண்றாங்க. வலிப்பு வர்றவன் மடியில ஊசி குத்தற நேரத்துல புள்ளைய எப்டி குடுக்கறதுன்னு. எங்க வீட்டுக்காரரோட சித்தி பையன் ஒருத்தன உக்கார வச்சுடலாம்னு பேசிகினு கீறாங்க." அவள் குரல் இறங்கியது. "சாமி முன்னாடி கற்பூரத்த அணைச்சு, மாத்திர எதுவும் சாப்புடலன்னு அவன் சொல்லட்டும், அப்போ குடுக்கறேங்கறாங்க. நீ சொல்லிடுவல்ல?"

"சொல்றேன்."

"அண்ணா… உனக்கு இஷ்டம் இல்லன்னாலும் சொல்லிடு. நான் ஒன்னும் நெனச்சுக்க மாட்டேன்."

அவள் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன் என்று சொன்னதில்தான் எல்லாமே இருந்தது.

காத்தவராயன் சின்னச்சின்னப் பொய் சொல்லாதவன் இல்லை. அபார்ட்மெண்டில் மோட்டார் ஓடாததற்கு வாரம் ஒரு காரணம் சொல்லுகிறவன்தான். ஆனால் எரிகிற கற்பூரத்தின்மேல் கையை வைத்துப் பொய் சொல்லமாட்டான். அவன் வீட்டில் யாரும் சொன்னதில்லை. அப்படியானால் அதை உண்மையாக்கிவிட வேண்டியதுதான் என்று அவன் புத்தி ஒரு வழி கண்டுபிடித்தது. மாத்திரை சாப்பிடவில்லை என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதானே? சாப்பிடாமல் இருந்துவிட்டால் அது பொய்யே இல்லை. இரண்டு மூன்று நாள்தானே, வலிதான் குறைந்துவிட்டதே. அன்று இரவும் அதற்கடுத்த இரவுகளும் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் படுத்தான். சுனிதாவிடம் சொல்லவில்லை. சனிக்கிழமை விடிந்தபோதே விலாவில் யாரோ அடுப்பைப் பற்றவைத்துவிட்டார்கள்.

ஞாயிறு காலை, மாத்திரை குறையாமல் இருந்த அட்டையைச் சுனிதா பார்த்துவிட்டாள். அவன் சட்டை போடமுடியாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான், நெற்றியெல்லாம் வேர்வை.

"நிறுத்தாதன்னு டாக்டர் தலைப்பாடா அடிச்சுக்கினாரே! யாரக் கேட்டு நிறுத்தினீங்க?"

"கற்பூரம் அணைக்கணும் சுனிதா."

இந்த ஆளைத் திட்டுவதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று அவளுக்கே தெரியவில்லை. கட்டிக்கொள்ளவும் முடியாதே. பீரோவின் அடித்தட்டிலிருந்து அவளுடைய பழைய வாயில் சேலையின் கிழிசல் ஒன்றை எடுத்துவந்தாள். அக்கி எழுதிய நாட்களில் அவன் போர்த்தியிருந்தது, எத்தனை தடவை துவைத்தும் காவிக்கறை போகாமல் மெத்தென்று ஆகியிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, விலாவைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். முதல் சுற்று உயிர் போனது. மூன்றாவது சுற்றில் மூச்சு விட முடிந்தது.

"கெட்டியாப் புடிச்சுக்கோங்க புள்ளைய. தொட்டும் தொடாம புடிச்சாதான் ஆபத்து. டாக்டர் வெரல வச்சு அழுத்தினாரே, அந்த மாதிரி."

கோயில் பூதிகோட்டைக்குப் போகிற சாலையில், புளியமரங்களுக்கு நடுவில் இருந்தது. வேனின் ஒவ்வொரு குலுக்கலிலும் காத்தவராயன் ஒரே வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். சாமி சத்தியமா நான் மாத்திர எதுவும் சாப்புடல. சாமி சத்தியமா. எவ்வளவு நாளாக என்று கேட்டுவிட்டால்? அதற்கு என்ன பதில்? தங்கை கணவன் பக்தவச்சலம் எதிரே வந்து, "வாங்க மச்சான்" என்றான், ஆனால் கண் அவன் முகத்தில் எதையோ தேடியது. அந்தச் சித்தி பையனும் வந்திருந்தான், பட்டு வேட்டி கட்டித் தயாராக. பந்தலுக்குக் கீழே பலகை போட்டிருந்தது. கற்பூரத் தட்டு பார்வதம்மாவின் கையில்.

அவள் தட்டோடு அவன் முன்னால் வந்து நின்றாள். காத்தவராயன் வலது கையை நீட்டினான். பார்வதம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். நாலு மாதத்தில் பாதியாகிப்போன உடம்பை, துருத்திய கழுத்தெலும்பை, சவரம் செய்யும்போது வெட்டிக்கொண்ட தாடையைப் பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல், கற்பூர ஆரத்தியை அவன் முகத்துக்கு நேரே மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, "குந்துப்பா. நேரமாவுது" என்றாள்.

இதற்காகவா? காத்தவராயனுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு மூன்று நாள் உடம்பைத் தீயில் போட்டுவிட்டுப் பலகையில் போய் உட்கார்ந்தான்.

புஷ்பவல்லி குழந்தையை மடியில் வைத்தாள். வைக்கும்போது அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. பவ்யா அவன் வயிற்றில் ஒரு உதை விட்டுச் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டாள். அவன் இடது கையால் அவளை அணைத்து, சுனிதா சொன்னபடி கெட்டியாகப் பிடித்தான். தாங்க முடிந்தது. அரிசிப் பைக்கு இவ்வளவு சூடு இல்லை, இவ்வளவு வாசனையும் இல்லை. ஒரு கணம், எல்லாம் நடந்துவிடும் என்றுகூட நினைத்தான்.

முடி இறக்குகிறவர் தண்ணீர் தெளித்துக் கத்தியை வைத்தார். காத்தவராயன் எல்லாவற்றையும் யோசித்திருந்தான், உதையை, துள்ளலை, அழுகையை. முடியை யோசிக்கவில்லை. பட்டுப்போன்ற பிள்ளை முடி, ஈரத்தில் நனைந்து, ஒவ்வொன்றாக அவன் சட்டையின் திறந்த கழுத்துக்குள் இறங்கியது. துணிக்கட்டு விட்ட இடத்தில், தழும்பின் மேல் ஓரத்தில், பஞ்சு நூலைவிட மெதுவாகப் படிந்தது. ஒவ்வொரு முடியும் ஒரு தீக்குச்சி. கையை எடுத்துத் தட்டிவிடக்கூடாது, எடுத்தால் குழந்தை சரியும், கத்தி தலையில் இருக்கிறது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். கண்ணிலிருந்து தாரைதாரையாகக் கொட்டியது.

"பாரேன், மாமன் அழுவுறான்" என்றாள் ஒருத்தி. "பாசம்டி. எத்தினி வருஷம் கழிச்சு வந்த புள்ள." சுற்றி நின்ற பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். புஷ்பவல்லி அப்போதுதான் அவனை நிமிர்ந்து பார்த்தாள். பொங்கலிலிருந்து அவள் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று உடைந்து இறங்குவதை அவன் கண்ணீருக்கு நடுவே கண்டான். அவள் பார்ப்பது பொய் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. முழுக்கப் பொய்யும் இல்லை.

முடி இறக்கி முடிந்து, சந்தனம் பூசினார்கள். ஆசாரி வந்து எதிரே குந்தினார். இடது காதைப் பிடித்தார், ஊசி போனது, பவ்யா வீறிட்டாள். உடம்பு முழுவதும் வில்லாக வளைந்து அவன் விலாவில் மோதியது. அவன் இரண்டு கையாலும் அவளை இறுக்கிக்கொண்டான். அவளுக்கு ஏன் வலிக்கிறது என்று அவளுக்குத் தெரியாது, நாளைக்குள் ஆறிவிடுகிற வலி என்பதும் தெரியாது. மொட்டைத் தலையை அவன் மார்பில் புதைத்துக்கொண்டு கேவினாள். அந்தத் துள்ளலில் சட்டையின் இரண்டு பித்தான்கள் தெறித்தன. கட்டிய துணியின் ஒரு முனை அவிழ்ந்து வெளியே வந்து தொங்கியது, காவிக்கறையோடு.

பார்வதம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

காத்தவராயன் அவள் பார்ப்பதைப் பார்த்தான். எந்தக் காவி, எந்த இடம் என்று அந்த வயதுப் பெண்ணுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அவள் பார்வை கறையிலிருந்து அவன் முகத்துக்கு வந்து, மறுபடியும் கறைக்குப் போனது. பின்னால் அந்தச் சித்தி பையன் நின்றிருந்தான். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் குனிந்தாள், கை நீண்டு அவன் மார்பை நோக்கி வந்தது. பிள்ளையைத்தான் எடுக்கப்போகிறாள் என்று அவன் கையை இன்னும் இறுக்கினான்.

அந்தக் கை துணி முனையைப் பிடித்துச் சட்டைக்குள் திணித்தது. திணித்த இடத்தில் உள்ளங்கையை வைத்து ஒருமுறை அழுத்தியது. லேசாக இல்லை, பலமாக.

"கெட்டியாப் புடிச்சுக்கோப்பா" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கிறமாதிரி. "இன்னொரு காது கீது. மிச்சத்த அப்புறம் பேசிக்கலாம்."

அப்புறம் என்ன பேசுவாள் என்று அவள் முகத்தில் எழுதியிருக்கவில்லை. அவள் நிமிர்ந்து நின்றுகொண்டாள். ஆசாரி இரண்டாவது ஊசியை எடுத்து, முனையை விரலில் பார்த்துவிட்டு, பிள்ளையை அந்தப் பக்கம் திருப்பச் சொன்னார். பவ்யா கேவல் அடங்கி, இன்னும் ஒரு காது பாக்கி இருப்பது தெரியாமல், பித்தான் தெறித்த இடைவெளியில் வாயை வைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சின்ன மூச்சு அந்தத் தழும்பின்மேல் லேசாகப் படுவதும் விலகுவதுமாக இருந்தது. காத்தவராயன் அசையவில்லை.